வீட்டுக் கணினியில் இலவசப் பாட்டுப்பெட்டி: ஓர் அறிமுக ஆய்வு
(லேக் மார்க்கெட் சான்றுகளை முன்வைத்து)

1. தோற்றுவாய்

தமிழாய்வுலகம் இன்னும் கால்பதிக்காத பெரும்பரப்புகள் பல உண்டு. தெற்குக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் அருகே, ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில், பழைய கணினி ஒன்றில் எந்த மென்பொருளைக் கொண்டு பாட்டுக் கேட்பது என்பது அவற்றுள் தலையாயது. இத்துறையில் முன்னோடி ஆய்வுகள் இல்லை. முதல் இயலில் முன்னோடிகளை வரிசையாகப் பாராட்டிவிட்டு, இரண்டாம் இயலில் அவர்களில் ஒருவரும் மூலத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று நிறுவுவது ஆய்வேட்டு மரபு. முன்னோடியே இல்லாததால் அந்த இன்பம் இந்த ஆய்வாளனுக்குக் கிட்டவில்லை.

மூலம்: மாமனார் பல்லாண்டுகளாகச் சேர்த்த ஒலிநாடாக்கள். இவ்வூர்ச் சாந்தினி சௌக்கில் ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி, ஒரு பென் டிரைவில் வாங்கிவந்தோம். களப்பணிக் காலம்: ஞாயிற்றுக்கிழமைகளில், இட்லிக்கும் மதியத் தூக்கத்துக்கும் இடைப்பட்ட பொழுது. 'நல்லதாப் பார்த்து ஒண்ணைப் போடுங்கோ மாப்பிள்ளை, சும்மா கெடைக்கிறதாப் பாருங்கோ' என்பதே ஆய்வுச் சிக்கல் (மாமனார், வாய்மொழி).

2. சொல்லாராய்ச்சி

ஆங்கிலத்தில் காசில்லாமல் கிடைப்பதும் ஃப்ரீ, கட்டில்லாமல் இருப்பதும் ஃப்ரீ. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் ஓர் அறக்கட்டளையே நிறுவி, அன்றிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கிறார். தமிழில் பிறந்திருந்தால் 'இலவசம் வேறு, கட்டற்றது வேறு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருக்கலாம்.

இனி 'இலவசம்' என்பதன் வேர். காய் பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்து, கடைசியில் பஞ்சு பறப்பதைப் பார்த்தது இலவு காத்த கிளி. 'டவுன்லோட்' என்று எழுதிய ஐந்து பச்சைப் பொத்தான்களுள் மெய்யான ஒன்றைத் தேடுவோன் நிலையும் அதுவே. ஆகவே இலவு + வசம் = இலவசம்; இலவின் வசப்பட்ட நிலை என்பது பொருள். (ஆய்வாளன் நான்காம் பொத்தானை அழுத்தினான். பறந்த பஞ்சை ஒதுக்க இரண்டு ஞாயிறுகள் ஆயின.) இந்த வேர் தவறென்று வாதிட வருவோர், இதைவிட மெலிந்த சான்றை வைத்து உலக மொழிகள் அத்தனைக்கும் பிரசவம் பார்த்தவர்களை முதலில் விசாரித்துவிட்டு வரவும்.

3. வகைமை

அ) வின்ஆம்ப்: 1997இல் தோன்றியது. 'எங்க காலத்துல' என்று பேச்சைத் தொடங்குவோருக்கு உரியது (மச்சினர், பெங்களூரிலிருந்து தொலைபேசி உரை, நடுவில் இணைப்பு அறுந்ததால் முற்றுப்பெறாத நூல்).

ஆ) விஎல்சி: பாரிஸில் எகோல் சென்ட்ரால் மாணவர்கள் 1996இல் தொடங்கி, 2001இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. எதைக் கொடுத்தாலும் பாடும். அடையாளச் சின்னம் சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு. அதைத் திரையில் கண்ட மாமனார், 'இங்கேயும் தோண்ட ஆரம்பிச்சுட்டானா?' என்று வினவினார். மழைக்காலத்துக் கொல்கத்தாவை அறிந்தோர்க்கு இவ்வினாவின் ஆழம் புலப்படும்.

இ) ஃபூபார்2000: 2002. இலவசம், கட்டற்றதன்று. திரையில் எது எங்கே இருக்கவேண்டும் என்பதைப் பயனரே தீர்மானிக்கலாம். மேற்படி மச்சினர் மூன்று வாரமாகத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு பாட்டும் கேட்கவில்லை.

ஈ) எய்ம்ப்: ரஷ்யாவில் ஆர்ட்டெம் இஸ்மாயிலோவ் செய்தது. ஆங்கிலத்தில் எழுதினால் முதல் இரண்டு எழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துகளே. பெயரை முன்னால் போட்டுவிடும் இப்பழக்கம் பின்னால் பேசப்படும்.

உ) மியூசிக்பீ: நன்று.

ஊ) க்ளெமென்டைன்: அமராக் என்ற பழைய மென்பொருளின் 1.4ஆம் பதிப்போடு உலகம் நின்றிருக்கலாம் என்று கருதியோர் 2010இல் வெளியிட்டது. நன்னூலோடு தமிழ் நின்றிருக்கலாம் என்று கருதுவோர் இதை விரும்புவர்.

எ) கணினியோடு வந்தது: யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

4. ஷஃபிள்

பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் முறைக்கு ஃபிஷர்–யேட்ஸ் என்று பெயர். அவ்விருவரும் 1938இல் வெளியிட்ட புள்ளியியல் அட்டவணை நூலில் அது உள்ளது. அதே 1938இன் ஜனவரியில் ஃபிஷர் கல்கத்தாவில்தான் இருந்தார், புள்ளியியலாளர் மகலனோபிஸின் விருந்தினராக. இவ்விரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டென்று காட்ட ஒரு சான்றும் இல்லை. ஆகவே ஒரு கருத்தரங்கு தேவை.

5. ஈக்வலைசர்

தொடாதீர்கள்.

6. அன்நோன் ஆர்ட்டிஸ்ட்: வாழ்வும் காலமும்

பென் டிரைவை எந்தப் பெட்டியில் செருகினாலும் திரையில் வந்தது ஒரே பட்டியல்: ட்ராக் 01, ட்ராக் 02, ட்ராக் 03. பாடியவர்: அன்நோன் ஆர்ட்டிஸ்ட். ஆண்குரலிலும் பெண்குரலிலும் பாடி, வயலின் வாசித்து, நடுநடுவே ஹரிகதையும் சொல்லியிருக்கும் இப்பெருங்கலைஞரைப் பற்றித் தமிழில் ஒரு தனிநூல் இல்லாதது வெட்கக்கேடு.

இவர் உறையுளை முதலில் காண்போம். எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் பாட்டின் விவரத்தை எழுதிவைக்கும் முறை 1996இல் வந்தது. ஐடி3 என்று பெயர். பாட்டின் பெயருக்கு 30 பைட்டு, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழுக்கு யுடிஎஃப்-8 முறையில் எழுத்தொன்றுக்கு மூன்று. அதிலும் உயிர்மெய்யின் குறிக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று என்று தனித்தனி வாடகை. சில மென்பொருள்கள் வெறும் கேள்விக்குறிகளாகப் போட்டுவிடும். சில, கொண்டமட்டும் திணித்துவிட்டு மீதியை வெட்டும். அந்த வெட்டில் விளைந்த பாடபேதங்கள் வருமாறு:

பந்துவராளி, கரகரப்ரியா இரண்டும் சரியாக முப்பது பைட்டு; தலை தட்டாமல் உள்ளே போய்விடும். இவ்விரு ராகங்களும் ஐடி3ஐ முன்னுணர்ந்தே பெயர்பெற்றன என்பது என் துணிபு. ஹரிகாம்போஜி 'ஹரிகாம்போஜ' ஆகும். தீரசங்கராபரணம் 'தீரசங்கராப' என்று ஏதோ பலகாரம்போல் ஒலிக்கும். வெறும் சங்கராபரணமோ கடைசிப் புள்ளியை மட்டும் இழந்து 'சங்கராபரணம' என்று நிற்கும். மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்தார். அப்புள்ளிக்கு மூன்று பைட்டு ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டார். இதனால் அவர் காலம் 1996க்கு முந்தியது என்பது ஐயத்துக்கிடமின்றி உறுதியாகிறது. அவர் காலத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாக எவரும் இதுவரை சொன்னதில்லை.

'மீனாட்சி மேமுதம்' என்று எழுதப் புகுந்தால் இன்னும் நுட்பம். இடைவெளிக்கு ஒரு பைட்டு போக, இரண்டாம் சொல்லின் மகரம் வரை இருபத்தெட்டு. அடுத்த ஏகாரக் குறிக்கு மூன்று வேண்டும், இருப்பதோ இரண்டு. எனவே மூன்றில் இரண்டு பங்கு ஏகாரம் மட்டும் உள்ளே போகும். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரையும் மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரையும் பார்த்துப் பார்த்து அளந்துகொடுத்த நம் இலக்கணிகள்கூட இந்த அளவைக் கண்டாரில்லை. இதற்கு 'இருபங்கேகாரம்' என்று பெயரிடுகிறேன். மேற்கோள் காட்டுவோர் என் பெயரைக் குறிப்பிடுக.

1998இல் ஐடி3இன் இரண்டாம் பதிப்பு வந்து இந்த நெருக்கடியைத் தீர்த்துவிட்டது. இன்றைய பெட்டிகள் அதையே முதலில் படிக்கின்றன என்று சிலர் சொல்வர். தீர்ந்துபோன சிக்கலை ஆராயக்கூடாது என்றால் பல்கலைக்கழகங்களில் பாதி மூடவேண்டிவரும்.

அடுத்து, வகை. அதே 128 பைட்டில் கடைசி ஒன்று பாட்டின் வகைக்கு. தொடக்கத்தில் 80 வகைகள் இருந்தன. போல்கா என்ற ஐரோப்பிய நடனத்துக்கு 75ஆம் எண் தந்தார்கள். கர்நாடக சங்கீதத்துக்கு எண் இல்லை. ரவீந்திர சங்கீதத்துக்கும் இல்லை. தாகூரோ தம் 'கீதபிதான்' தொகுப்பில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையும் பூஜை, ஸ்வதேசம், காதல், இயற்கை என்று விரல்விட்டு எண்ணும் தலைப்புகளில் அடக்கினார். நாம் இன்னும் சிக்கனம்: அகம், புறம். அதற்கு ஒரு பிட்டு போதும்.

வகைச் சிக்கல் முற்றியது ட்ராக் 07இல். பாடுவது பெண்குரல். மாமனார் கேட்டதுமே, 'மீனாட்சி மேமுதம், தீட்சிதர் கிருதி. பாடினது அறுபதுகள்ல பெரிய வித்வாம்சினி. எந்த வருஷ சீசன்னுகூடச் சொல்லுவேன்' என்றார் (மாமனார், 'ஈஸிசேர் சொற்பொழிவுகள்', தொகுதி இரண்டு, மோர் வருமுன்). அப்போது படியேறிக்கொண்டிருந்த மேல்மாடி தாதா நின்று, 'என்ன மொஷாய், எங்கள் ரவீந்திர சங்கீதத்தைத் தமிழில் பாடுகிறார்களா? இது பாஸந்தீ ஹே புபனமோஹினீ அல்லவா?' என்றார் (தாதா, 'படிக்கட்டுப் பிரகடனம்', முதல் மாடிப் பாடம். இரண்டாம் மாடியில் கிடைத்த பாடத்தில் 'அல்லவா' இல்லை. இரு கைகளிலும் காய்கறிப் பையோடு ஓதப்பட்டதால் மூச்சிரைப்புகளை ஒற்றுமிகுதி என்று கொள்ளாமை நன்று).

இருவர் சொன்னதும் சரி. தென்னாட்டுப் பாட்டுகள் சிலவற்றின் மெட்டில் தாகூர் வங்கச் சொற்களை இட்டார். 'பாங்கா கான்', உடைத்த பாட்டு, என்பார்கள் இங்கே. தீட்சிதரின் மீனாட்சிதான் சாந்திநிகேதனில் பாஸந்தியானாள். (கிருதி தமிழன்று, சமஸ்கிருதம் என்பதை தாதாவிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் இன்னொரு மாடி ஏறவேண்டியிருக்கும்.)

பாட்டின் நடுவே இரண்டுமுறை 'டிங் டிங்' என்று ஒலி வருகிறது. ஜால்ரா என்பது மாமனார் துணிபு. ட்ராம் மணி என்பது தாதா துணிபு. ட்ராம் தாளத்தில் வராது என்று மாமனார் மறுத்தார். கல்கத்தா ட்ராம் எதிலும் வராது, ஆனால் வரும் என்று தாதா நிறுவினார்.

பெயர் தெரியாதவருக்குப் பெயரிடும் முறையை நம்மவர் என்றோ கண்டுவிட்டனர். குறுந்தொகையில் புலவர் பெயர் கிடைக்காதபோது, பாட்டிலேயே ஒரு தொடரை எடுத்து அவருக்குச் சூட்டினார்கள்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார். இம்முறைப்படி ட்ராக் 07ஐப் பாடியவரை 'ட்ராமணியார்' என்று அழைக்கலாம். இனி நடக்கப்போவதும் தெரிந்ததே. பத்தாண்டில் ட்ராமணியார் கி.மு. மூன்றாம் நூற்றாண்டினர் என்று ஒரு நூல் வரும். அவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்று இரண்டு நூல் வரும். ட்ராமணியார் ஒருவரா இருவரா என்பதற்காக நாற்பதாண்டு நண்பர்கள் இருவர் பேச்சை நிறுத்திக்கொள்வர்.

இவ்வளவில், அடுக்களையிலிருந்து ஒரு குரல்: 'அது நான்தான் பாடினேன்' (மாமியார், 'அடுக்களைச் சிதறல்கள்', மிக்சி நின்ற இடைவெளிகளில் மட்டும் கிடைப்பது, முன்னும் பின்னும் சிதைந்த ஏடு, உரை: என் மனைவி, உரைக்கு மறுப்பு: மாமியாரே, மறுநாள் காபியின்போது). ஒரு கொலுவின்போது, முன்கூடத்தில், ராஷ்பிஹாரி அவென்யூப் பக்கத்து ஜன்னல் திறந்திருக்க, டேப் ரெக்கார்டர் புதிதாக வந்த வாரத்தில் பதிந்ததாம். 'இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை?' என்றாள் மனைவி. 'யாரு கேட்டா?' என்றார் மாமியார். மிக்சி மீண்டும் ஓடியது.

முதன்மைச் சான்று பத்தடி தொலைவில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தது. ஆயினும் உயிரோடு இருப்பவரைக் கேட்பது ஆய்வுநெறிக்கு இழுக்கு என்பதால் எங்கள் முறையியலில் குறை காண இயலாது. மாமனாரும் தம் கோட்பாட்டைக் கைவிடவில்லை. 'அந்த வித்வாம்சினி பாணி அப்படியே இருக்கு பார்' என்று இரண்டாம் பதிப்பில் திருத்திக்கொண்டார்.

7. கௌஹர் ஜான் தீர்வு

இதே ஊரில் 1902 நவம்பரில், லண்டனிலிருந்து வந்த கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க், ஒரு ஹோட்டல் அறையில் கருவிகளை விரித்துப் பதிவு தொடங்கினார். பாடவந்தவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். பதிந்தவை கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டுகளாக வரவேண்டும். அங்கே யார் பாடியதென்று எவனுக்குத் தெரியும்? ஆகவே மூன்று நிமிடம் ராகம் பாடிமுடித்த கையோடு, தன் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பாட்டின் கடைசியில், சில நொடிகளில், பாடியவர் பெயர். தொண்ணூற்று நான்கு ஆண்டு கழித்து ஐடி3 கண்டுபிடித்ததும் அதே இடத்தைத்தான். கௌஹர் ஜானின் பெட்டிக்கு முப்பது பைட்டு வரம்பில்லை. அவரிடம் யாரும் கேட்கும்வரை அவர் காத்திருக்கவுமில்லை.

8. முடிவுரை

பாட்டுப்பெட்டி எதுவாயினும் பாடும். பெயரை எழுதவும் திருத்தவும் விடுகிறதா, தமிழை வெட்டாமல் காட்டுகிறதா என்று மட்டும் பார்க்க. நாங்கள் வைத்துக்கொண்டது மியூசிக்பீ (காண்க: 3-உ). ட்ராக் 07இல் 'பாடியவர்' கட்டத்தில் மாமியார் பெயரை முழுதாக எழுதினோம். புள்ளிகள் அத்தனையும் நின்றன. வகை என்ற கட்டத்தில் தாதாவும் மாமனாரும் உடன்படாமையால் போல்கா என்று இருக்கிறது.

கௌஹர் ஜான் மரபுப்படி, பெயரை முடிவில் சொல்லிவிடுவதே முறை. பழைய பெட்டிகளையும் மனத்தில் கொண்டு முப்பது பைட்டுக்குள்:

இங்ஙனம்,
கட்டுரையாச