ஒரு தரம், ரெண்டு தரம், கட்டார் தரம்

ஏலம் கேட்கத் தெரியாத ஆண்பிள்ளை தோப்பூரில் இல்லை. கேட்ட காசைக் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் கொஞ்சம் குறைவு. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நேர்ச்சைச் சேவலும் முட்டையும் முதல் குலைத் தேங்காயும் விலை ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தொழுகையில் கடைசி வரிசையில் நிற்பவர்கூட ஏலத்துக்கு முன்வரிசையில் நிற்பார். ஆகவே பாடசாலைக்கு ஏலம் வைத்துக் காசு சேர்த்தோம் என்பதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வந்து சேர நாங்கள் போட்ட சுற்று பெரிது.

இந்த நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். அதைக் கொண்டுவந்த கன்னங்கராவுக்கு நன்றி. படிப்புத்தான் இலவசம், போட்டோகொப்பி இலவசமில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கே அந்தக் கதி என்றால் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே இருக்கும் எங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபர், "மெசின் ஒண்டு வேணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதற்குக் காசு போவதில்லை.

பிறகு யோசனைகள் வந்தன. வெளிநாட்டுப் பாடசாலைகள் எப்படிக் காசு சேர்க்கின்றன என்று தேடிப் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி, லொத்தர் டிக்கெட் விற்கலாம் என்றார். மௌலவி தொண்டையைச் செருமினார். தம்பி உட்கார்ந்துவிட்டார். அடுத்தது உணவுச் சந்தை. அது ஏற்கெனவே வைத்துப் பார்த்த விஷயம். அப்போது என் மனைவி இரவெல்லாம் விழித்திருந்து வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தாள். தன்னுடையது மட்டும் விற்காமல் கிடந்துவிடக் கூடாதே என்ற ரோஷத்தில், மறுநாள் என்னிடமே காசு வாங்கிப்போய் அதை வாங்கிக்கொண்டு வந்தாள். முட்டைக்கும் தேங்காய்ப்பாலுக்கும் ஒரு தடவை, அவை வட்டிலப்பம் ஆன பிறகு இன்னொரு தடவை. ஊரில் பாதி வாப்பாமார் அன்று இப்படித்தான் கல்விக்குத் தொண்டாற்றினார்கள்.

ஏலம் என்றதும் மௌலவியின் முகம் மலர்ந்தது. உதவி கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபியவர்களே கூட்டத்தில் கூறி விற்றதையும், ஒரு திர்ஹத்தில் தொடங்கி இரண்டு திர்ஹத்துக்குப் போனதையும், அந்தக் காசில் அவர் ஒரு கோடரி வாங்கி விறகு வெட்டிப் பிழைத்ததையும் சொன்னார். சபை நெகிழ்ந்தது. நெகிழ்ந்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: நஜஷ் கூடாது. அதாவது, வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிட ஆள் வைக்கக் கூடாது. என் மனதில் அதுவரை இருந்த திட்டத்தில் முக்கால்வாசி அந்த இடத்திலேயே ஹராமாகிவிட்டது.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. "காக்கா சும்மாதானே இரிக்கீங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டறிக்கையில் அது "ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார்" என்று பதிவாயிற்று.

பொருள் சேர்க்கப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன்னர் திருகோணமலை டவுனுக்குப் போவதென்றால் மூதூரில் லோஞ்ச் பிடிக்க வேண்டும், அல்லது கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முதலாளிகளிடம் "பிறகு வாங்க" கேட்பதே பெரும்பாடு. பாலம் வந்த பிறகு ஒரே காலையில் ஒரு தெரு முழுவதிலும் கேட்டுவிட்டு பகல் சோற்றுக்கு வீடு திரும்பலாம். அபிவிருத்தியை நான் குறை சொல்லமாட்டேன்.

ஊருக்குள் நிலைமை வேறு. இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் தந்தது மணிக்கூடு. கலியாண வீட்டுக்கு வந்த சுவர்மணிக்கூடுகள், தேநீர்க் கோப்பை செட்டுகள், எந்தப் பக்கம் நிமிர்த்துவது என்று விளங்காத கண்ணாடிப் பூச்சாடிகள் என்று பெட்டி பிரிக்காமலே வந்து குவிந்தன. ஒரு கோப்பை செட்டின் உள்ளே "வாழ்த்துக்களுடன்" என்ற அட்டை, அதில் எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் பெயர். அவர் அட்டையைப் பார்த்தார், தந்தவரின் பெயரைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஏலத்தன்று அந்த செட்டை அவரே எடுத்தார். அடுத்த கலியாணத்தில் அது எங்கே போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும்.

நல்ல பொருள்களும் வந்தன. பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வைத்ததால் நெல் மூட்டைக்குக் குறைவில்லை. எருமைத் தயிர்ச் சட்டிகள், பெண்கள் இழைத்த பன்பாய்கள், மூதூரிலிருந்து ஐஸ் பெட்டியில் ஒரு பாரை மீன், ஒரு கிடாய். கிடாயை வரவேற்பு வளைவுக்குப் பக்கத்தில் கட்டியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. கல்விப் பணிமனையிலிருந்து வந்த அதிதி வளைவைக் கடந்தபோது தென்னங்குருத்துத் தோரணத்தில் ஒரு பக்கம் மட்டும் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு. நேரம் பார்த்து வைத்ததுதான். இங்கே நாலு மணி என்றால் கட்டாரில் ஒன்றரை மணி. வெள்ளி அங்கே லீவு. ஜும்ஆ முடிந்து பிரியாணி தின்று பாயில் சாயும் நேரம். மனிதன் தாராளமாக இருப்பது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

முதலில் தமிழ் ஆசிரியர் ஏலம் கூறினார். ஒரு பன்பாயை எடுத்துவைத்துக்கொண்டு பன்புல்லின் பெருமையிலிருந்து ஆரம்பித்தார். பாய் விரிக்கும் முன்னர் சபை உறங்கிவிடும் என்று பயந்து, மீன் வியாபாரம் செய்யும் ஒரு காக்காவிடம் மைக்கைக் கொடுத்தோம். அவருக்கு மைக்கும் தேவைப்படவில்லை.

பார்த்தவர்கள் அவருடைய குரல்தான் காசை இழுத்தது என்றார்கள். குரல் பாதிதான். மீதிப் பாதி நாங்கள் கதிரை போட்ட விதம். இதைச் செய்யப் பொருளின் விலை தெரிந்தால் போதாது, யாருக்கு யாரோடு கோபம் என்று தெரிய வேண்டும். வயல் வரம்புத் தகராறில் கதைக்காமல் இருந்த மச்சான்மார் இருவரை எதிரெதிரே உட்காரவைத்தோம். கிடாய் வந்ததும் ஒருவர் கையைத் தூக்கினார். மற்றவர் சும்மா இருப்பாரா? ஒருவரை ஒருவர் பார்க்காமலே மாறி மாறி ஆயிரம் ஆயிரமாக ஏற்றினார்கள். நான் மௌலவியைத் திரும்பிப் பார்த்தேன். இருவருக்கும் வாங்கும் எண்ணம் உண்மையாகவே இருந்தது. நஜஷ் இல்லை.

ஏலங்களின் கணக்கை ஆராய்ந்ததற்காக 2020இல் மில்கிரோம், வில்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்களுக்குப் பொருளியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஏலத்தில் வெல்பவன் பெரும்பாலும் பெறுமதிக்கு மேலே கொடுத்துத்தான் வெல்கிறான், அது வெற்றியாளனின் சாபம் என்பது அவர்கள் துறையில் பெரிய பாடம். கிடாயை எடுத்த மச்சானுக்கு அந்தச் சாபம் வீட்டு வாசலில் காத்திருந்தது. கையில் அகப்பையும் இருந்ததாகக் கேள்வி.

பெண்கள் பக்கம் தட்டி மறைப்புக்கு அப்பால். அவர்கள் கேட்கும் விலையைத் துண்டில் எழுதிச் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து கொடுப்பார்கள். ஒரு பன்பாய்க்கு இந்தப் பக்கம் ஒருவர் ஏற்ற, அந்தப் பக்கத்திலிருந்து துண்டு வந்துகொண்டே இருந்தது. விலை சந்தையைத் தாண்டி எங்கோ போயிற்று. கடைசியில் துண்டு வென்றது. பெயரை வாசித்தபோதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் மல்லுக்கட்டியது ஒரே வீட்டுப் புருசனும் பெண்சாதியும். அதிலும் பாயை இழைத்துத் தந்தவரே அந்த ராத்தாதான். குறைந்த விலைக்குப் போனால் மானம் போய்விடுமாம். "இது நஜஷா, ஹஸ்ரத்?" என்று கேட்டேன். மௌலவி நெடுநேரம் தாடியைத் தடவினார். "நிய்யத்தைப் பொறுத்தது" என்றார். காசு போவது ஒரே பையிலிருந்து என்பதால் புருசன் மேல்முறையீடு செய்யவில்லை.

உச்சம் தேங்காய்தான். 2024இல் காஷ்மீரில் சோப்போர் பக்கத்து ஊரொன்றில் பள்ளிவாசல் கட்ட ஒருவர் ஒரு முட்டையைக் கொடுத்தார். எடுத்தவர்கள் திரும்பத் திரும்ப அதைப் பள்ளிக்கே கொடுக்க, அந்த ஒற்றை முட்டை இரண்டேகால் இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேல் சேர்த்துவிட்டது. அதே வித்தையை நாங்கள் ஒரு தேங்காயை வைத்து ஆடினோம். எடுத்தவர் எழுந்து, "பாடசாலைக்கே" என்பார். கைதட்டல். மறுபடி ஏலம். கடைசிச் சுற்றில் கட்டாரிலிருந்து வீடியோ கோலில் ஒரு தம்பி இறங்கினார். சிக்னல் பிந்தி வந்தது. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இங்கே கூற, போனிலிருந்து "அஞ்சாயிரம்!" என்று கேட்டது. அதற்குள் இங்கே விலை எட்டைத் தாண்டியிருந்தது. தான் சொன்னதே எதிரொலியாகத் திரும்பி வர, வேறு யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்து அவர் தன்னையே இரண்டு முறை வென்றார். மீன் காக்கா ஒரு புதுவிதி போட்டார்: "ஒரு தரம், ரெண்டு தரம், கட்டார் தரம்!" அதற்குப் பிறகுதான் மூன்றாம் தரம்.

வசூல் தனி வரலாறு. 193ஆம் ஆண்டில் ரோமாபுரிக் காவல்படை பேரரசனைக் கொன்றுவிட்டு ஆட்சியையே ஏலம் விட்டது. அதை எடுத்த டிடியஸ் யூலியானுஸ் 66 நாள் ஆண்டார். எங்கள் பட்டியலில் அவர் ஆண்ட காலத்தைவிட நீண்ட கடன்கள் இருந்தன. பற்றுச்சீட்டு இல்லாமல் பொருள் இல்லை என்று சட்டம் போட்டிருந்தோம்தான். ஆனால் சாச்சாவிடமும் சம்பந்தியிடமும் சட்டம் பேச முடியுமா? கடைசியில் பிள்ளைகளின் வீட்டுவேலைக் கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்பினோம். "வாப்பா, நெல்லுக் காசு குடுத்திட்டீங்களா?" என்று சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் கேட்டால் எந்த மனிதன் தாங்குவான்? காசு வந்தது. ரீகண்டிஷன் மெசினும் வந்தது, கடதாசியோடு.

தேங்காயை உரியவரிடம் சேர்ப்பது என் வேலை. தம்பி கட்டாரில் இருப்பதால் அவருடைய உம்மாவிடம் கொண்டுபோனேன். மகன் அதற்கு என்ன விலை கொடுத்தான் என்று சொன்னேன். உம்மா தேங்காயை வாங்கி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு காசு வாங்கியிரிக்கீங்க மகன். மட்டையோட தரப்படாதா? அடுப்புக்காவது ஆகுமே."