வானம் முந்தும், திரை பிந்தும்

பழைய டேப்லெட்டைக் கணினிக்கு இரண்டாம் திரையாக்குவது, சும்மா கிடக்கும் ஒன்றுக்கு வேலை வாங்கிக் கொடுப்பது. பழவேற்காட்டுக் குப்பங்களில் அப்படிக் கிடப்பவற்றுக்கும் பஞ்சமில்லை, கணினிக்கும் பஞ்சமில்லை. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். பெருந்தொற்றின்போது ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய டேப்லெட்டோ, பிறகு தம்பிக்கு கேம், பாட்டிக்கு சீரியல் என்று சேவை செய்து, பீரோவின் தலைக்கு ஏறிவிட்டது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை ஒரு பொய். ஸ்பேஸ்டெஸ்க் போன்ற மென்பொருள், “உனக்கு இன்னொரு மானிட்டர் இருக்கிறது” என்று விண்டோஸை நம்பவைக்கிறது. அந்த இல்லாத மானிட்டருக்காகக் கணினி வரையும் படத்தைச் சுருக்கி வைஃபையில் அனுப்ப, டேப்லெட்டில் இருக்கும் செயலி அதை விரித்துக் காட்டுகிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு 2019 முதல் சைட்கார் என்ற பெயரில் ஆப்பிளே ஐபேடில் இந்த வசதியைத் தருகிறது. ஆனால் ஐபேடை உபரி என்று ஒதுக்கும் வீடு குப்பத்தில் இருந்தால், அது இறால் ஏஜென்ட் வீடாகத்தான் இருக்கும். ஸ்பேஸ்டெஸ்குக்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. கணினியும் டேப்லெட்டும் ஒரே வைஃபையில் இருந்தால் சரி. டவர் சொதப்பும் நாளில் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டே போதும்.

சுருக்கி விரிப்பதற்கு நேரம் பிடிக்கும். பிந்துவது என்றால் என்ன என்பதைப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். ஊரே மொட்டைமாடியில் நிற்கும். ராக்கெட் வானில் ஏறிய பிறகும் மடிக்கணினி நேரலையில் கவுன்ட்டவுன் ஓடிக்கொண்டிருக்கும். அதையே டேப்லெட்டுக்குத் தள்ளினால் இன்னும் ஒரு கண்சிமிட்டல் தாமதம். சத்தம் மட்டும் சுமார் 35 கிலோமீட்டரைக் கடந்து, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கழித்து, எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேரும்.

ஆகவே ஓடுவதையும் ஆடுவதையும் முதல் திரையில் வைத்துக்கொண்டு, அசையாததை இரண்டாவதற்குத் தள்ளுவதே புத்தி. பழவேற்காடு ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைக்கும் பாடு வரிசையைத் தட்டச்சு செய்பவர், கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பக்கத்தில் திறந்துவைக்கலாம். அதற்கு ‘டூப்ளிகேட்’ அல்ல, ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; முன்னதில் ஒரே பாடு வரிசை இரண்டு இடத்தில் தெரியும், சண்டைக்கு அது போதும்.

டிஸ்ப்ளே செட்டிங்கில் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். டேப்லெட் இடப்பக்கம் நிற்க, 2 வலப்பக்கம் இருந்தால், மவுஸ் அம்பு இடது ஓரத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். கட்டத்தை இழுத்து இடம் மாற்றினால் தீர்ந்தது. இது தெரியாமல் மவுஸை மேஜையில் ஓங்கித் தட்டுவோரே அதிகம்.

நாள் முழுக்கத் திரை எரிவதால் டேப்லெட் எப்போதும் சார்ஜிலேயே கிடக்கும். உப்புக்காற்றில் பச்சை பூத்த சார்ஜிங் துளையை முதலில் கடையில் காட்டிச் சுத்தம் செய்வது நல்லது. பேட்டரி வீங்கி முதுகு புடைத்திருந்தால் அந்த டேப்லெட்டைச் சார்ஜில் போடவே கூடாது.