சிவப்புக் கழுகு: கேள்வி-பதில்

என் மாமா 'நான் ஃபோர்த் டிவிஷன்' என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்துகிறார். டிவிஷன் என்றால் எவ்வளவு பேர்? (வேலூர்)

நிமிர்த்தட்டும், அவருக்கு உரிமை உண்டு. சுமார் 800 பேர் ஒரு பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேட்டோடு பீரங்கி, சப்பர்கள் (பொறியாளர்கள்), சிக்னல்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்தால் 15,000 பேருக்கு மேல் வரும். மேலே ஒரு மேஜர் ஜெனரல்.

அந்த நாலாவது டிவிஷன் எங்கே பிறந்தது? (விருதுநகர்)

எகிப்தில், 1939-ல். ஒவ்வொரு பிரிகேட்டிலும் பொதுவாக இரண்டு இந்தியப் பட்டாலியனுக்கு ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன். 1857 சிப்பாய்க் கலக பயம் வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு நாள் தெளியவில்லை. தோளில் கறுப்புத் துணியில் சிவப்புக் கழுகு. சிடி பர்ரானி, கெரென் என்று ஜெயித்துக்கொண்டே போய், 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மன் தளபதி வான் ஆர்னிமையே பிடித்தார்கள்.

அதில் நம்மவர் யாராவது? (செங்கல்பட்டு)

உங்கள் பக்கத்துக்காரர்தான். மெட்ராஸ் சப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. ஒன்று வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் அதன்மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இவ்வளவு பெருமை வாய்ந்த டிவிஷன் 1962 சீனப் போரில் எப்படிச் சிதறியது? (தஞ்சாவூர்)

சிதறியது எது என்று முதலில் பார்க்கவேண்டும். ஐம்பதுகளில் அம்பாலாவில், தளபதி பி.எம். கௌல் தலைமையில், 'அமர்' திட்டம் என்ற பெயரில் இந்தச் சிப்பாய்கள் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். சமவெளிப் படையை அப்படியே 1959 கடைசியில் வடகிழக்கு மலைக்கு ஏற்றினார்கள். 1962 அக்டோபர் 20 அன்று நாம்கா சூ ஆற்றங்கரையில் 7-வது பிரிகேட் அழிந்து, இரண்டு நாளில் அதன் தளபதி தால்வி கைதானார். நவம்பரில் சேலா, திராங், போம்டிலாவில் நின்றவை 62, 65, 48-வது பிரிகேட்டுகள். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெயர் வாங்கிய 5, 7, 11 ஒன்றுகூட அங்கே இல்லை! போர்டு மட்டும் பழசு, உள்ளே எல்லாம் புது ஆள். சேலாவைச் சரியாகச் சண்டை போடாமலே விட்டுவிட்டு இறங்கினார்கள். பழி மட்டும் கழுகின் தலையில்.

பிறகாவது பாடம் கற்றார்களா? (சேலம்)

கற்றார்கள். 1963-ல் மலை டிவிஷனாக மாற்றி, வண்டியைக் குறைத்து, கோவேறு கழுதையும் இலகு பீரங்கியும் கொடுத்தார்கள். அடுத்த சண்டை வந்தது பஞ்சாப் சமவெளியில்.

ஐயோ! (அதே சேலம்)

அதேதான். 1965 செப்டம்பர், பாகிஸ்தானோடு கேம்கரணில் போர். முதல் இரண்டு நாளில் நல்ல அடி. தளபதி குர்பக்ஷ் சிங் பின்வாங்கி, அசல் உத்தரில் லாட வடிவில் ஆளை நிறுத்தினார். கரும்புக் காட்டுக்குள் பழைய ஷெர்மன்களும் கொஞ்சம் செஞ்சுரியன்களும். அந்த டாங்கி பிரிகேட்டுக்குத் தலைவர் தியோகராஜ். வாய்க்காலை வெட்டி வயலில் தண்ணீர் பாய்ச்சினார்கள். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் இறங்கி, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றன. ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பூட்டிய பீரங்கியோடு பயிருக்குள் ஒளிந்து ஒவ்வொன்றாக அடித்தார். பரம்வீர் சக்ரா, மரணத்துக்குப் பின். நம் கணக்கில் விழுந்தவை 97 டாங்கிகள். கேம்கரண் ஊர் மட்டும் போர் நிறுத்தத்தின்போதும் பாகிஸ்தான் கையில்தான் இருந்தது. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

இப்போது? (ஈரோடு)

பிரயாக்ராஜில். மறுபடியும் காலாட்படை டிவிஷன்.

இனி எல்லாம் 'ருத்ரா' பிரிகேட் என்கிறார்களே, டிவிஷன் காலி தானா? (கோவை)

அவசரப்படாதீர்கள். காலாட்படை, டாங்கி, பீரங்கி, டிரோன் எல்லாம் ஒரே பிரிகேட்டில் என்று 2025 ஜூலை 26 அன்று திராஸில் தலைமைத் தளபதி துவிவேதி அறிவித்தார். டிவிஷனிடம் கேட்டு வாங்கவேண்டியதைப் பிரிகேட்டே வைத்துக்கொள்ளும். எல்லையில் வேகம் கிடைக்கும். ஆனால் 1942-லும் பாலைவனத்தில் பிரிட்டிஷார் டிவிஷனைத் துண்டுபோட்டு, பிரிகேட் பிரிகேட்டாக அனுப்பிப் பார்த்தார்கள். நாலாவது டிவிஷன் தளபதி டக்கர் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். 11-வது பிரிகேட் டோப்ரூக்கில் தொலைந்தது. பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி வந்துதான் துண்டுகளை ஒட்டினார். டிரோன் காலத்தில் கணக்கு மாறலாம். யார் யாருக்கு உத்தரவு போடுவது என்ற கேள்வி மாறாது.

நாலாவது சரி, மூன்றாவது எங்கே? (நாகர்கோவில்)

லேயில். நாலாவது பிறந்து 23 வருடம் கழித்து, 1962-ல் பிறந்தது. தம்பிக்கு அப்புறம் அண்ணன்!