டிஸ்க்கு மாற்றப் போகிறவர்

1974-ஆம் வருஷத்து மார்க் 2 அம்பாசடர் ஒன்றைத் தகப்பனாரிடமிருந்து சுவீகரித்து, அதன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துவதாகப் பிரதிக்ஞை செய்து, 2014-ல் அந்த வண்டியைச் செய்த கம்பெனியே உற்பத்தியை நிறுத்திய பிறகும் அப்பிரதிக்ஞையை மட்டும் போஷித்துவரும் கொழிஞ்சாம்பாறைக்காரரை நீங்கள் அறியாதிருக்க முடியாது. உக்கடத்துப் பழைய சாமான் கடையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், காலிப்பரைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்திருப்பவர் அவரே.

கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை வாய்ப்பது பூர்வஜன்ம கர்மம். பப்படம் விழுந்ததும் அதைச் செங்குத்தாக நிறுத்தி, "ஏனுங்க, இது டிஸ்க்குனு வையுங்க, இந்த ரெண்டு வடையும் பேடு" என்று தொடங்குவார். டிரம்மில் சுழற்சியே லைனிங்கை இழுத்து அழுத்திக்கொள்ளும்; டிஸ்க்குக்கு அந்த உபகாரம் இல்லாமையால் பூஸ்டர் வேண்டும்; பூஸ்டர் வந்தால் மாஸ்டர் சிலிண்டரின் துவாரத்தை நிர்ணயிக்க வேண்டும்; துவாரம் சிறுத்தால் அழுத்தம் கூடும், பெடலோ ஆழத்துக்குப் போகும்; பெருத்தால் பெடல் கல்லாகும்; பின் டிரம்முக்குச் செல்லும் அழுத்தத்தை ஒரு வால்வு குறைக்காவிட்டால் பின்சக்கரம் முந்திப் பூட்டி வண்டி குறுக்கே திரும்பும் என்று அவர் முடிப்பதற்குள் ரசமும் பாயசமும் நம்மைக் கடந்து போயிருக்கும். கடைசியில் வடைகளால் ஓர் அழுத்து; பப்படம் தூளாகும். "பூஸ்டர் அளவு மீறினா இதுதானுங்க!" அந்த வடைகள் இரண்டும் என் இலையுடையவை.

பிரேக் எண்ணெய் விஷயத்தை நான் தொடமாட்டேன். புதிய டாட் 4 கொதிப்பது 230 டிகிரியில், ஈரம் உறிஞ்சியது 155-ல் என்று அவர் என் பேரனுக்கே கற்பித்துவிட்டார்.

ஒரு நாள் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் தகப்பனார் அதே வண்டியில், அதே 4 டிரம்களோடு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரிலேயே இறங்கும் நிதானஸ்தர். "ஒருவாட்டி சூடேறி, மிதிச்சும் நிக்கலைங்க. அப்பா மண்மேட்டுல ஏத்தித்தான் நிறுத்துனாரு. பின்சீட்டுல நான் இருந்தேன்." அதன்பின் ஒரு மாதம் என் வடைகளை நானே அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஆயினும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சக்கரம் கழற்றிய அந்த அம்பாசடரை இரண்டு வருஷமாகத் தாங்கி நிற்பது என் ஜாக்கி. சென்ற மார்கழியில் அதே மலைச்சாலையில் டயர் பஞ்சராகி, பனியில் இரண்டு மணி நேரம் கைபிசைந்து நின்றேன். ஊர் திரும்பி ஜாக்கியைக் கேட்டேன்.

"தந்துடறேனுங்க. பூஸ்டர் 7 அங்குலமா, 8 அங்குலமா? அது மட்டும் முடிவாகட்டும்."