வாளியால் கெட்ட கேப்டன்

அப்பன் திருடன் என்றால் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அதே திருடன் முந்நூறு வருடத்துக்கு முந்தியவனாகவும், திருடிய இடம் நடுக்கடலாகவும் இருந்துவிட்டால் கூடத்தில் படம் மாட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு கடற்கொள்ளைக்கார முப்பாட்டன் அகப்பட்டால் வீடே கொண்டாடும். சுங்க குமாஸ்தா முப்பாட்டன் அகப்பட்டால் வெளியே சொல்லமாட்டார்கள்.

தேடுவதற்கு இடங்கள் உண்டு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அட்மிரால்டி நீதிமன்றத்தின் கட்டுகளும், காலனி கவர்னர்கள் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். அலைய முடியாதவர்களுக்காக ஜேம்சன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1923லேயே ஒரு பெரிய கத்தையை அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் ஒரு சங்கடம். கொள்ளைக்காரன் வரவு செலவு எழுதி வைப்பதில்லை. அவனைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் பிடித்தவன், பறிகொடுத்தவன், காட்டிக்கொடுத்தவன். ஆக, முப்பாட்டன் பெயரில் தடிமனாக ஒரு கட்டு இருக்கிறது என்றால் மனிதர் தொழிலில் கெட்டிக்காரர் இல்லை என்று பொருள்.

கெட்டிக்காரன் ஹென்றி எவ்ரி. 1695இல் ஔரங்கசீப்பின் கன்ஜ்-இ-சவாய் கப்பலையே அடித்தான். பாதுஷா கொதித்தார், சூரத்தில் இருந்த கம்பெனிக்காரர்கள் காவலுக்குள் போனார்கள், எவ்ரி தலைக்கு விலை வைத்தார்கள். 1696க்குப் பிறகு ஆள் எங்கே போனான் என்று ஒரு தாளும் சொல்லாது. அவனுடைய மாலுமி ஜான் டான் கதை மட்டும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ராச்செஸ்டரில் தங்கிய இடத்தில் அவன் சட்டையை ஒரு வேலைக்காரப் பெண் எடுத்துப் பார்த்தாள். இந்தக் கனம் எந்தத் துணிக்கும் இருக்காது. உள்ளே 1,045 பவுண்டு பெறுமான தங்கக் காசுகளைப் பஞ்சுக்குப் பதிலாக வைத்துத் தைத்திருந்தான். அரசாங்கத்தின் வேவுக்காரர்களால் ஆகாத காரியம் ஒரு துணி மூட்டையில் முடிந்தது.

ஆவணக் காப்பகத்தின் செல்லப்பிள்ளை கேப்டன் வில்லியம் கிட். ஸ்காட்லாந்துக்காரர்; நியூயார்க்கில் வீடு, செல்வாக்கு. 1691 மே 14 அன்று சாரா ஊர்ட் என்ற சீமாட்டியின் கணவர் காலமானார். சாராவும் கிட்டும் பதினாறு வரை பொறுத்திருந்தார்கள். பதினாறாம் நாள் வரை அல்ல, பதினாறாம் தேதி வரை. அன்றைக்கே திருமண அனுமதிச் சீட்டு வாங்கியாயிற்று. காப்பகத்தில் இருப்பது வெறும் தேதிகள்தான். ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியது. பிறந்தவை இரண்டும் பெண்கள். எனவே கிட் என்ற குடும்பப் பெயரைக் காட்டி வாரிசு கொண்டாடுகிறவர்களைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம்.

கிட் கொள்ளையடிக்கப் புறப்படவில்லை, கொள்ளைக்காரர்களைப் பிடிக்கப் புறப்பட்டார். பெலமாண்ட் பிரபுவும் இங்கிலாந்தின் பெரிய மந்திரிகள் சிலரும் பணம் போட்டார்கள். மூன்றாம் வில்லியம் மன்னருக்குப் பத்தில் ஒரு பங்கு. திருடனிடமிருந்து திருடும் இந்தக் கூட்டு வியாபாரத்துக்கு 34 பீரங்கியோடு அட்வெஞ்சர் கேலி என்ற கப்பல் தயாரானது. திருடர்கள் மட்டும் கண்ணில் படவில்லை. மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது. கொள்ளை கிடைத்தால்தான் பங்கு. வயிறு காய்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள். 1697 அக்டோபர் 30 அன்று பீரங்கிக்காரன் வில்லியம் மூர் வாய் திறந்து பேச, கேப்டன் இரும்புப் பட்டை போட்ட வாளியை எடுத்து அவன் தலையில் ஒரு போடு போட்டார். மறுநாள் மூர் செத்தான்.

மூன்று மாதம் கழித்து, 1698 ஜனவரி 30 அன்று, கொச்சிப் பக்கம் கெடா மெர்ச்சண்ட் என்ற கப்பல் சிக்கியது. கெடாதான் பழைய கடாரம் என்பதால், ராஜேந்திர சோழனுக்குப் பிறகு கடாரம் கொண்டவர் என்று கிட்டுக்கும் ஒரு பட்டம் தரலாம், கப்பல் பெயரளவில். பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின் என்று சரக்கு, ஆர்மீனியர்களின் முதல், கப்பலின் தலைவர் ஓர் ஆங்கிலேயர். ஆனால் கையில் பிரெஞ்சு பாஸ். பிரான்சோடு யுத்தம் நடக்கிறது, பிரெஞ்சு பாஸ் உள்ள கப்பலைப் பிடிக்க எனக்கு உத்தரவு இருக்கிறது என்று கிட் கணக்குப் போட்டார். கணக்கில் தப்பில்லை. சரக்கில் பங்கு வைத்திருந்தவர் முகலாய தர்பாரின் பெரிய மனிதர் என்பதுதான் கணக்கில் வரவில்லை. ஏற்கெனவே எவ்ரி செய்ததற்கு மொத்து வாங்கியிருந்த கம்பெனி, இந்தத் தடவை ஒரு தலையையாவது காட்டியாக வேண்டிய நிலையில் இருந்தது.

1699இல் கரீபியன் பக்கம் வந்தபோதுதான் தான் கொள்ளைக்காரனாக அறிவிக்கப்பட்ட சேதியே கிட்டுக்குத் தெரிந்தது. கார்டினர் தீவில் கொஞ்சம் பொன்னைப் புதைத்தார். கெடா மெர்ச்சண்டின் பாஸ், முன்பு பிடித்த வேறொரு கப்பலின் பாஸ், இரண்டையும் நம்பிக்கையோடு பங்காளி பெலமாண்டிடம் சேர்ப்பித்தார். பெலமாண்ட் இப்போது கவர்னர். ஜூலையில் பாஸ்டனில் வைத்துக் கைது செய்தார். புதைத்ததைத் தோண்டி எடுத்து, இன்ன பையில் இவ்வளவு தங்கத் தூள், இவ்வளவு வெள்ளி என்று அதிகாரிகள் எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. புதையல் கிளம்பிப் போய் ரசீதும் போட்டாகிவிட்டது என்று தெரியாமல் ஜனங்கள் இன்னமும் கடற்கரைகளைத் தோண்டுகிறார்கள்.

1701 மே மாதம் ஓல்டு பெய்லியில் விசாரணை. சாட்சி சொன்னவர்களில் முக்கியமானவர் கப்பலின் வைத்தியர் பிராடின்ஹாம். கிட்டை மடகாஸ்கரில் விட்டுவிட்டு கல்லிஃபோர்ட் என்ற அசல் கொள்ளைக்காரனோடு சேர்ந்துகொண்ட மகானுபாவர். கல்லிஃபோர்டும் தூக்குக்குத் தப்பினான். என் பாஸ்கள் எங்கே என்று கிட் திரும்பத் திரும்பக் கேட்டார். பெலமாண்ட் லண்டனுக்கு அனுப்பி, நாடாளுமன்றமே பார்த்த தாள்கள். விசாரணை நாளில் காணோம். மே 23 அன்று வாப்பிங்கில் தூக்கினார்கள். முதல் கயிறு அறுந்தது. ஏற்பாட்டில் அரசாங்கம் குறை வைக்கவில்லை, இரண்டாவது தயாராக இருந்தது.

இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து ரால்ஃப் பெயின் என்ற அமெரிக்க எழுத்தாளர் லண்டன் ஆவணக் காப்பகத்தில் அந்த இரண்டு பாஸ்களையும் கண்டெடுத்து 1911இல் புத்தகம் போட்டார். வேறு அரசாங்கத் தாள்களுக்கு நடுவே பத்திரமாக இருந்திருக்கின்றன. வேண்டுமென்றே ஒளித்தார்களா, குமாஸ்தா மாற்றி வைத்தாரா என்று வாதம் உண்டு. அரசு அலுவலகத்தில் ஒரு முறையாவது கோப்பு தேடியவர்கள் இரண்டாவது காரணத்தை லேசில் தள்ளமாட்டார்கள்.

தாத்தா நிரபராதி என்று வாரிசுகள் துள்ள வேண்டிய இடம் இது. ஆனால் அன்றைக்கு நீதிமன்றம் முதலில் எடுத்த வழக்கு கொள்ளை அல்ல, மூர் கொலை. தூக்குக்கு அது ஒன்றே போதும். கெடா மெர்ச்சண்டுக்குப் பாஸ் இருந்தது, வாளிக்கு இல்லை.