பில் யார் பேரில்?

கேள்வி: ஒரு கிலோ லேப்டாப் ஒன்றரை லட்சம், 1.6 கிலோ லேப்டாப் 65 ஆயிரம் என்கிறார்கள். 600 கிராமைக் குறைக்க 85 ஆயிரமா? அநியாயம் இல்லையா?
- மருந்து விற்பனைப் பிரதிநிதி, திருநெல்வேலி

பதில்: மாதம் ஒருமுறை காரில் போகிறவருக்கு அநியாயம்தான். வாரம் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் ஊராகப் போகிற உங்கள் தோளைக் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டுக்கும் நடுவே 1.2, 1.3 கிலோவில் நல்ல லேப்டாப்கள் நிறைய இருக்கின்றன. என் ஓட்டு அவற்றுக்கே.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எடை சார்ஜர் சேராத எடை. அதனால் கடையில் சார்ஜரோடு சேர்த்துப் பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். டைப்-சி வழியாக 65 வாட்டில் சார்ஜ் ஆகும் மாடல் என்றால், உள்ளங்கையில் அடங்கும் ஒரே சார்ஜர் போனுக்கும் சேர்த்து உழைக்கும். இன்னொன்று, மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட வழியில்லை என்பதால் வாங்கும்போதே 16 ஜிபி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நான் மாதச் சம்பளக்காரன். ஆபீஸ் வேலைக்காக பெங்களூருக்கும் சென்னைக்கும் அலைகிறேன். சொந்தக் காசில் லேப்டாப் வாங்கினால் வருமான வரியில் கழிக்கலாமா?
- மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: முடியாது. சம்பளக்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிலையான கழிவு உண்டு. புதிய வரி முறையில் 75,000, பழைய முறையில் 50,000. லேப்டாப், பை, ஷூ எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. நீங்கள் வேலைக்காகவே வாங்கினாலும் தனியாக ஒரு பைசா கிடையாது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஹெச்.ஆர். அறைக்குப் போங்கள். ஜிஎஸ்டியோடு 1,18,000 ரூபாய் வருகிற லேப்டாப்பை 30 சதவீத வரி அடுக்கில் இருக்கிற நீங்கள் வாங்க வேண்டுமானால், செஸ்ஸும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய 1,71,500 ரூபாய் சம்பாதித்தாக வேண்டும். அதையே கம்பெனி வாங்கினால் 18,000 ஜிஎஸ்டி பெரும்பாலும் அதற்கு வரவாகத் திரும்பிவிடும். மீதி ஒரு லட்சத்துக்குத் தேய்மானமும் எழுதிக்கொள்ளும். ஊழியரின் உபயோகத்துக்குக் கம்பெனி கொடுக்கும் லேப்டாப்பை, கம்பெனி உடைமையாக இருக்கும் வரை, உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவதில்லை. டி.வி., ஃப்ரிட்ஜ் கொடுத்தால் வருடத்துக்கு அதன் விலையில் 10 சதவீதத்தைச் சலுகை என்று கணக்கில் சேர்ப்பார்கள். லேப்டாப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் விலக்கு.

உங்கள் பேரில் பில் போட்டுவிட்டுப் பிறகு கம்பெனியிடம் பணம் வாங்குவது வேறு கதை. அந்தப் பணத்தைச் சம்பளமாகப் பார்க்க வாய்ப்பு அதிகம். பில் கம்பெனி பேரில், கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கட்டும்.

இரண்டு வருடம் உழைத்த பிறகு அந்த லேப்டாப்பை நீங்களே எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் மதிப்பைப் பாதியாக்குவார்கள். 80,000 ரூபாய் லேப்டாப் இரண்டு வருடம் முடிந்ததும் 20,000. அந்த 20,000-ஐக் கம்பெனிக்குக் கொடுத்தால் வரி இல்லை. 5,000 மட்டும் கொடுத்தால் மீதி 15,000 உங்கள் சம்பளத்தில் ஏறும்.

கேள்வி: நான் ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஆலோசகர், முழுக் கணக்கு எழுதுகிறேன். ஆயுத பூஜைக்கு வாங்கலாமா, தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?
- கோயம்புத்தூர்

பதில்: பக்தியோடு வருமான வரிக் கணக்கும் தெரிந்த கேள்வி! லேப்டாப்புக்கு வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. ஆனால் வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் அந்த வருடம் பாதிதான், 20 சதவீதம். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 3-க்குள் வாங்கி, பெட்டியைப் பிரித்து, வேலையிலும் இறக்கியிருக்க வேண்டும். 2025-ல் ஆயுத பூஜை அக்டோபர் 1. அன்று பொட்டு வைத்து வேலையைத் தொடங்கியவருக்கு முழுத் தேய்மானம். தீபாவளி அக்டோபர் 20. அதற்காகக் காத்திருந்தவருக்குப் பாதி.

பதறாதீர்கள். அந்தப் பாதி எங்கும் ஓடிப்போவதில்லை. ஜிஎஸ்டி போக விலை ஒரு லட்சம் என்று வையுங்கள். சீக்கிரம் வாங்கினால் முதல் வருடம் 40,000, அடுத்த வருடம் 24,000. தாமதமாக வாங்கினால் முதல் வருடம் 20,000, அடுத்த வருடம் 32,000. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு முதல் வருடம் தள்ளிப்போகிற வரிச் சேமிப்பு, செஸ்ஸும் சேர்த்து, 6,240 ரூபாய். அது பின்வரும் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வந்துவிடும். கடைக்காரர் தருகிற தள்ளுபடியோ இன்றைக்கே உங்கள் பையில். ஐந்தாயிரம் ரூபாய் உண்மையாகவே குறைகிறது என்றால் தீபாவளிக்கே வாங்குங்கள். போன மாத விலையைக் குறித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் அது உண்மையா என்று தெரியும்.

18,000 ஜிஎஸ்டியை இன்புட்டாக, அதாவது வரி வரவாக, எடுத்துவிட்டு அதற்கே தேய்மானமும் எழுத முடியாது. இரண்டில் ஒன்றுதான். நீங்கள் இன்புட்டையே எடுங்கள், முழுதாகவும் சீக்கிரமாகவும் கிடைப்பது அதுதான்.

கேள்வி: இ.எம்.ஐ.யில் வாங்கினால் தவணை கட்டக் கட்டத்தான் தேய்மானமா?
- அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: இல்லை. முழு விலைக்கும் முதல் வருடத்திலிருந்தே உண்டு. வட்டி தனிச் செலவு.

கேள்வி: ரொக்கமாகக் கொடுத்தால் 3,000 குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கட்டுமா?
- வழக்கறிஞர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். தொழிலுக்காக வாங்கும் சொத்துக்கு ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகையை லேப்டாப்பின் விலையில் சேர்க்கவே விடமாட்டார்கள். மூவாயிரத்துக்காக மொத்தத் தேய்மானமும் போகும். யு.பி.ஐ.யோ கார்டோ போதும்.

கேள்வி: வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டுகிறேன். லேப்டாப்பை மீதிப் பாதியில் கழிக்கலாமா?
- கட்டட வடிவமைப்பாளர், மதுரை

பதில்: மீதிப் பாதி முழுவதும் ஏற்கெனவே செலவாகக் கழிக்கப்பட்டதுதானே! ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லிப் பழகிய அந்த வழியில் வாடகை, பெட்ரோல், தேய்மானம் எல்லாமே அந்த 50 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டதாகக் கணக்கு. தனியாக எழுத இடமில்லை. ஆனால் நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு பெற்றிருந்தால் லேப்டாப்பின் இன்புட்டை விட்டுவிடாதீர்கள். அது வேறு சட்டம். இது தெரியாமலே பல பேர் 18 சதவீதத்தை இழக்கிறார்கள், எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கேள்வி: துபாயிலிருந்து வரும் மச்சான் லேப்டாப் வாங்கி வருகிறேன் என்கிறார். சரியா?
- ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டு வரலாம், அதில் தடையில்லை. ஆனால் பில் மச்சான் பேரில், வரி துபாய் வரி. உங்களுக்கு இன்புட் இல்லை, உங்கள் கணக்கில் ஏற்றவும் ஆதாரம் இல்லை. வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு என்றால் வாங்கி வரட்டும், தொழிலுக்கு என்றால் திருப்பூரிலேயே வாங்குங்கள்.

கேள்வி: ராத்திரியில் என் லேப்டாப்பில் மகன் கேம் ஆடுகிறான். வரி அதிகாரி கேட்பாரா?
- பட்டயக் கணக்காளரிடம் கேட்கத் தயங்கும் ஒருவர், சேலம்

பதில்: தொழிலுக்கு மட்டுமே உபயோகிக்காத பொருளுக்கு நியாயமான பங்கு அளவே தேய்மானம் என்று சட்டத்தில் இருக்கிறது. எப்போதாவது ஒரு மணி நேரம் ஆடுவதற்காக நீங்கள் கலங்க வேண்டாம். தினமும் பாதி நேரம் அவன் கையில்தான் என்றால் பாதியை மட்டும் எழுதுங்கள். தயங்காமல் ஆடிட்டரிடமும் சொல்லிவிடுங்கள், அவர் இதைவிடப் பெரிய விஷயங்களை எல்லாம் கேட்டிருப்பார்.