முகப்பில் விரித்த ஜமக்காளம்

புதுக்கோட்டையைச் சுற்றி இராயவரம், அரிமளம், கடியாபட்டி, குழிபிறை, ராங்கியம் என்று நகரத்தார் ஊர் எதிலாவது சின்ன வயதைக் கழித்தவர்களுக்கு, கூட்டுத் தொழில் பிரிகிற நாள் எப்படியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகப்பில் ஜமக்காளம் விரிப்பார்கள். பெரியவர்கள் சுவரோரம் சாய்ந்து உட்கார, வெற்றிலைத் தட்டு கைமாறிக்கொண்டே இருக்க, அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளையான என் அப்பா பேரேட்டைப் புரட்டி ஐந்தொகையை வாய்விட்டுப் படிப்பார், பங்காளிகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அப்பாவின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு ஒரு கணக்கும் புரியாவிட்டாலும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் பாட்டுப் போல இருக்கும்.

இன்று யோசிக்கும்போது ஒன்று தெரிகிறது. அந்தப் பெரியவர்கள் ‘இருவரில் யார் கெட்டிக்காரர்’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. தொழில் யாரிடம் நிற்கும், போகிறவர் எவ்வளவு எடுத்துக்கொண்டு போவார், இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. முடிவுக்கு வராவிட்டால் ஒருவரை விலை சொல்லச் சொல்வார்கள். அந்த விலைக்கு விற்பதா, வாங்குவதா என்பதை மற்றவர் முடிவு செய்வார். குறைத்துச் சொன்னால் தன் பங்கு போய்விடும், கூட்டிச் சொன்னால் தானே அந்த விலை கொடுத்து வாங்க வேண்டிவரும் என்பதால், சொல்கிற வாயிலிருந்து நியாயமான தொகைதான் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் விவகாரம் முடிந்து, பிரிந்தவர்கள் ஒரே பந்தியில் சாப்பிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு நான் வளர்ந்து, கீழ ராஜ வீதியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, சென்னையிலிருந்து தபாலில் வருகிற சட்ட இதழ்களின் சணல் கட்டைப் பிரித்துப் புதுக் காகித வாசனையோடு முதல் ஆளாகப் படிக்கிற சந்தோஷத்தை அனுபவித்த காலத்தில், முகப்புப் பஞ்சாயத்தின் இடத்தை இனி உயர் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், கம்பெனியில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுவரை நீதிபதிகள் சொல்வார்கள் என்று உறுதியாக நம்பினேன். அப்போது வந்ததுதான் நீலகிரி கேத்தியில் ஊசி செய்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கின் தீர்ப்பு. அதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

கதை இதுதான். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டார் பங்கை நாற்பது விழுக்காட்டுக்குக் குறைக்கச் சொல்கிறது. கேத்தி கம்பெனியில் வெளிநாட்டுப் பக்கத்துக்கு அறுபது. 1977 ஏப்ரல் 6 அன்று இயக்குநர் குழு கூடி, நூறு ரூபாய் முகமதிப்பில் 16,000 புதுப் பங்குகளை ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்கு வழங்கத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் இருக்கிற இயக்குநருக்கும் தபாலில் தகவல் போகிறது. அது அவர் கைக்குக் கிடைத்தது மே 2, பங்குகளைப் பிரித்துக் கொடுக்கக் கேத்தியில் கூட்டம் நடந்ததும் அதே மே 2. ஆகாயத் தபால் உறையை எடைபோட்டு, நாக்கால் ஸ்டாம்பை நனைத்து ஒட்டி, பதில் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்த உங்களுக்கு, ஒரு கம்பெனியின் பிடி அந்த உறை வந்துசேர்வதற்குள் இந்தியப் பக்கத்துக்குக் கைமாறியது ஆச்சரியமாக இருக்காது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் வெளிநாட்டுப் பக்கம் ஜெயித்தது. உச்ச நீதிமன்றம் 1981 மே மாதத்தில் அதை மாற்றியது. தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய அந்தத் தீர்ப்பு, இது ஒடுக்குமுறை ஆகாது என்றது: புதிய சட்டத்தின்படி அந்தப் பங்குகளை அவர்களால் வாங்கியிருக்கவும் முடியாது, கம்பெனியின் சொந்த விதிகளின்படி வெளியாருக்கு விட்டுக்கொடுத்திருக்கவும் முடியாது. ஆனால் அதோடு கோப்பை மூடவில்லை. பங்கு ஒன்றின் உண்மை விலை 190 ரூபாய், கொடுத்தது நூறுக்கு. அவர்களுக்கு வர வேண்டியிருந்த 9,495 பங்குகளுக்கும் ஒன்றுக்குத் தொண்ணூறு ரூபாய் வீதம் 8,54,550 ரூபாயை இந்தியப் பக்கம் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. தொழில் உன்னிடம் இருக்கட்டும், போகிறவருக்கு உரியதைக் கொடு என்கிற முகப்புப் பேச்சை, டெல்லியின் அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் நான் கேட்டது அந்த வரிகளில்தான்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் வழக்கு. எங்கள் தெரு முகவர் மாதாமாதம் சைக்கிளில் வந்து வாங்கிப்போன பிரீமியமும் சேர்ந்த எல்.ஐ.சி. பணம் அந்தக் கம்பெனியின் பங்குகளில் இருந்தது. ஒன்பது இயக்குநர்களை நீக்கப் பங்குதாரர் கூட்டம் கூட்டச் சொன்னது எல்.ஐ.சி. பம்பாய் உயர் நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. 1985 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது: பங்குதாரர் கூட்டம் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காரணத்தை நீதிமன்றம் துருவிப் பார்க்கவும் முடியாது. அரசு நிறுவனமே ஆனாலும், பங்குதாரராக வந்து நிற்கும்போது எல்லாப் பங்குதாரரையும் போலத்தான்.

டாடா சன்ஸ் விவகாரத்தில், நீதிமன்றம் தாண்டக் கூடாத இந்தக் கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது. 2016 அக்டோபர் 24 அன்று சைரஸ் மிஸ்திரியைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள். தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019 டிசம்பரில் அவரை மறுபடி உட்காரச் சொன்னது. 2021 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. மன்னார்குடியில் பிறந்த வி. ராமசுப்பிரமணியனும் அந்த அமர்வில் இருந்தார். தலைவரை நீக்கியது சரியா தவறா என்று தீர்ப்பாயம் எடைபோட வேண்டியதில்லை, அது சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்கியதா என்பது மட்டுமே கேள்வி என்று சொல்லப்பட்ட அந்தத் தீர்ப்பு, மாலைக்குள் என் கைபேசிக்கு வந்துவிட்டது. சணல் கட்டும் இல்லை, காகித வாசனையும் இல்லை. படிக்கத் தொடங்குமுன் நாலு பேர் அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள்.

இந்த எல்லை சரி என்றே நான் நினைக்கிறேன். நீதிபதி தொழில் நடத்தப் போவதில்லை, நட்டம் வந்தால் தாங்கப் போவதுமில்லை. என் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. முகப்பில் நடந்த அத்தனை பேச்சிலும் ஆச்சிமார் ஜமக்காளத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டினால் வருகிற பள்ளத்தூரின் முருகப்பா குடும்பத்தில், எம்.வி. முருகப்பன் 2017-இல் மறைந்தபின், மகள் வள்ளி அருணாச்சலம் குடும்பத்தின் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். ஏறத்தாழ எட்டு விழுக்காடு பங்கு அவர்கள் கிளைக்கு இருந்தது. 2020 செப்டம்பரில் ஓட்டெடுப்பில் தோற்றார். பட்டியலிட்ட கம்பெனிகளிலும் பெரிய பொதுக் கம்பெனிகளிலும் பெண் இயக்குநர் இருந்தே ஆக வேண்டும் என்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலில் இல்லாத குடும்பக் கம்பெனிகள் பலவற்றைத் தொடவில்லை. ஒடுக்குமுறை என்று மனுக் கொடுக்கவும் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு வேண்டும், இல்லையென்றால் தீர்ப்பாயத்திடம் விலக்குக் கேட்க வேண்டும். கடைசியில் 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். பழைய முறைதான் கைகொடுத்தது. இந்த முறை மகள்களும் ஒரு தரப்பாக இருந்து பேசினார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இப்போது புதுக்கோட்டையில் உட்கார்ந்தபடியே சிங்கப்பூர், சிகாகோ பங்காளிகளோடு காணொளியில் இயக்குநர் கூட்டம் நடக்கிறது. நோட்டீஸ் ஒரு நொடியில் போய்ச் சேருகிறது. மனத்தாங்கல் வந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருந்தும் பயனில்லை, கம்பெனி வழக்கு சென்னைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே வருடங்கள் ஓடும். ஆகவே பொங்கலுக்கோ படைப்புக்கோ எல்லோரும் ஊருக்கு வந்து சேர்கிற அந்த இரண்டு நாளில், உறவு நன்றாக இருக்கும்போதே, ஒரு வேலையை முடித்துவிடுங்கள். போகிறவர் பங்குக்கு விலை எப்படிப் போடுவது, மகளுக்கு இயக்குநர் குழுவில் என்ன இடம் என்பதைக் கம்பெனியின் விதிமுறை ஏடான ஆர்ட்டிகிள்ஸில் எழுதிவையுங்கள். எழுதும்போது வீட்டுப் பெண்களையும் ஜமக்காளத்தில் உட்காரச் சொல்லுங்கள்.